புரி அங்கிளின் துப்பாக்கி

மனிதரைத் திடுக்கிட வைப்பதில் புரி அங்கிளை மிஞ்ச வெள்ளவத்தையில் ஆள் கிடையாது. காலி வீதி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

போத்தல் மூடியிலும் திருகாணியிலும் தண்ணீர்க் குழாயிலும் சுற்றிச் சுற்றி ஓடும் வெட்டு இருக்கிறதே, அதுதான் புரி. எங்கள் அடுக்குமாடியில் மேல் வீட்டுக்காரரான அங்கிளுக்கு உலகத்தில் அதைத் தவிர வேறு கவலை இல்லை. துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவருக்கு இந்த விசர் எங்கே பிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஜாம் போத்தலின் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகுதான் பாணில் கை வைப்பார். "புரி தானாப் போகோணும். பலவந்தம் செய்யப்படாது" என்பது அவர் தினமும் ஓதும் தேவாரம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு செத்த வீட்டுக்கு அவரோடு போயிருந்தேன். பெட்டியை மூடித் திருகாணி முடுக்கும் நேரம் "நில்லுங்கோ" என்று கையைத் தூக்கினார் அங்கிள். செத்தவருக்கு மூச்சு வந்துவிட்டதாக்கும் என்று அழுகை அப்படியே நின்றுபோனது. ஒரு பெண் மயங்கியே விழுந்தார். அங்கிள் குனிந்து ஒரு திருகாணியை எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் புரி தேய்ந்திருக்கிறது, வேறொன்று கொண்டு வாருங்கள் என்றார். வேறொன்று வந்த பிறகுதான் பெட்டி வீட்டைவிட்டு வெளிக்கிட்டது.

இப்படிப்பட்டவரிடம் என் மச்சான் சுதன் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சுதன் என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில்தான் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தான். குறும்படப் பைத்தியம். படத்துக்காகத் தண்ணீர்க் குழாயையும் பலகையையும் வைத்து, கறுப்பு மை பூசி, ஒரு ரைபிள் செய்திருந்தான். குழாயின் நுனியில் முடுக்குவதற்கு ஒரு சைலன்சரும் உண்டு. எங்கள் வரவேற்பறைக் கதிரையில் அதை முதன்முதலில் கண்டபோது எனக்கே நெஞ்சு ஒருமுறை நின்று வந்தது. ஆனால் ஹெந்தளைக் கடற்கரையில் படம் பிடிக்கையில், வில்லன் குறி வைத்த கையோடு சைலன்சர் கழன்று மணலில் விழுந்துவிட்டது. எத்தனை தரம் முடுக்கினாலும் விழுந்தது.

அங்கிள் அதை வாங்கியதும் துப்பாக்கி என்று பயப்படவில்லை. புரிக்குள் மணல் கிடந்ததைக் கண்டுதான் பதறினார். பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு வெட்டாகத் துப்புரவாக்கினார். டோர்ச் அடித்துப் பார்த்தார், நகத்தால் தடவினார், சைலன்சரை இரண்டு விரலால் மட்டும் மெல்லத் திருப்பினார். சிறிது போய் இறுகியது. உடனே நிறுத்திவிட்டார்.

"புரியில அடி விழுந்திருக்கு. வாயும் கோணல். உண்மையான துவக்கில இப்பிடிப் பூட்டினா, குண்டு சைலன்சருக்குள்ளயே இடிக்கும்."

"அங்கிள், இதில குண்டே இல்லை."

"குண்டு இல்லாட்டி? புரி பிழைதானே."

கோணல் எவ்வளவு என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை என்று துப்பாக்கியோடு பல்கனிக்குப் போனார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் குழாயோடு வைத்து, நேரே நீட்டிப் பிடித்தார். எதிர்ப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா போட்ட சத்தம் கடற்கரை ரயிலையும் மிஞ்சியது.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்தது. அந்தச் செய்தி படியேறியதுதான் தாமதம், எங்கள் மாடியில் இருந்த அத்தனை பேரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக இறங்கிவந்து வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டு மாமி அகப்பையோடு நின்றார். அட்டையை ஒருவரும் கேட்கவில்லை. சண்டைக் காலத்துச் சுற்றிவளைப்புகளில் வந்த பழைய பழக்கம், கால் தானாக இறங்கிவிட்டது. பொலிஸ் சார்ஜன்தான் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

பிறகு மேலே வந்து, துப்பாக்கியையும் சைலன்சரையும் பார்த்து முகம் மாறி, இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். சுதன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"மகே" என்றார் அங்கிள். என்னுடையது என்று அர்த்தம்.

நான் அதிர்ந்துபோனேன். ஜாம் போத்தல் மூடி விஷயத்தில்கூடப் பொய் சொல்லாத மனிதர். சுதன் பக்கம் திரும்பி, தேத்தண்ணி கேட்பது போன்ற குரலில் தமிழில், "நீ வாயைப் பொத்திக்கொண்டு நில்" என்றார். பிறகு நல்ல சேட் மாற்றி, சப்பாத்துப் போட்டு, கலியாணத்துக்குப் போகிறவர் மாதிரி ஜீப்பில் ஏறினார். நான் பின்னால் ஓட்டோவில் போனேன்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டருக்குத் துப்பாக்கியைவிட சைலன்சர்தான் உறுத்தியது. விளையாட்டுச் சாமானுக்கு இது எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அங்கிளை உள்ளே அடைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அங்கிள் சிங்களத்தில் விளக்கினார்: இது வெறும் தண்ணீர்க் குழாய், புரியும் தண்ணீர்க் குழாய்ப் புரி, வேண்டுமானால் இதில் தண்ணீர் திறக்கும் டெப் ஒன்றைப் பூட்டிக் காட்டுகிறேன். நம்பாமலே தலையசைத்தார் இன்ஸ்பெக்டர். ஒரு ஸ்பேனர் கேட்டு வாங்கி, முற்றத்தில் பொலிஸ்காரர் கை கழுவும் டெப்பை, தண்ணீரை அடைத்துவிட்டு, அதைக் குழாயோடு இணைக்கும் சொக்கெட்டோடு கழற்றி வந்தார் அங்கிள்.

துப்பாக்கி வாயில் வைத்துத் திருப்பினார். சிறிது போய் இறுகியது. அதே அடிபட்ட இடம்.

அங்கிள் நிறுத்திவிட்டார். டெப் பூட்டுப்படாவிட்டால் அவர் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும். அடுத்த கேள்வி வீட்டில் இருக்கும் பொடியனிடம் போகும். என்னை ஒருமுறை பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பேனரைப் போட்டு, பல்லைக் கடித்து ஒரு திருகுத் திருகினார். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. அன்று நான் கண்டதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான்.

துப்பாக்கி நுனியில் டெப் தொங்குவதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் டெப்பைத் தந்துவிட்டுப் போங்கள் என்றார். அது கழலவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் பிடித்து இழுத்தும் கழலவில்லை. நான் ஹாட்வெயார் கடையில் புது டெப் வாங்கி வந்தேன். கை கழுவ நின்ற பொலிஸ்காரர்களைக் காக்க வைத்து, அதன் புரியை நகத்தால் தடவிச் சரிபார்த்துத்தான் அங்கிள் பூட்டினார்.

திரும்பும்போது ஓட்டோவில், மடியில் கிடந்த துப்பாக்கியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"பயமில்லை, தம்பி. பிழையான புரி எண்டு தெரிஞ்சும் இறுக்கிப்போட்டன்."

பிறகு ஏன் உங்களுடையது என்றீர்கள் என்றேன்.

"கிழவன் எண்டா விசர் எண்டு விடுவாங்கள். அந்த யாழ்ப்பாணப் பொடியனை விடுவாங்களோ?"

டெப் தொங்கும் அந்தத் துப்பாக்கி இப்போது எங்கள் வரவேற்பறை மூலையில் நிற்கிறது. தூசு தட்டுவது சுதன்தான். வேறு யாரையும் தொட விடமாட்டான். அங்கிள் வந்தால் அதைப் பார்க்கச் சகிக்காமல் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். எப்படியாவது கழற்றித் தருகிறேன், அந்தப் புரியைச் சரிப்படுத்தவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுவார். நாங்கள்தான் விடுவதில்லை.