நாரின் ஊர்த் தோழி

சரக்... சரக்... டொப்.

மாலை ஆறு மணிதான். ஆனால் ஜனவரியில் எங்கள் மலையூர் கோச்கோரில் ஆறு மணி என்றால் கும்மிருட்டு. முற்றத்துக்கு அப்பால் இருக்கும் வைக்கோல் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மறுபடியும் சரக்... சரக்... டொப். யாரோ எதையோ அறுத்து, அறுத்ததை அடித்து வைப்பது போல.

நான் பயந்தவள். அதை ஒளிப்பதற்கில்லை. மாமியார் இருமினால் பயம். வெகுநேரம் இருமாவிட்டால் இன்னும் பயம். பிள்ளை அழுதால் பயம், அழாமல் தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று பயம். ஓநாய்ப் பயம் தனி. அது பரம்பரைச் சொத்து.

மாமியார் பக்கத்து வீட்டு விருந்துக்குப் போயிருந்தார். என் கணவர் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மாடு. எட்டு மாதக் குழந்தை அய்பேரியை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். மாவு தேய்க்கும் உருட்டுக்கட்டையைக் கையில் எடுத்தேன். வீரத்தோடு வாசல்வரை போனேன். வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். மீசையில் கம்பளி இழை. வலது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க, அங்க ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"மாடுதான்."

"மாடு சரக் சரக்குன்னா சத்தம் போடும்?"

"சளி புடிச்சிருக்கு."

"விரல் ஏன் ஒட்டியிருக்கு?"

"அதான் சொன்னேனே, சளின்னு."

நம்பினேன். நான் அப்படிப்பட்டவள்.

அவர் பெயரை எழுதாமல் 'அவர், அவர்' என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். கணவர் பெயரும் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரும் மருமகள் வாயில் வரக் கூடாது, கையிலும் வரக் கூடாது. என் மாமியார் பெயருக்குள் ஒரு பழம் இருக்கிறது. அதனால் மூன்று வருடமாகச் சந்தையில், "அந்தச் செவப்பு உருண்டையில ரெண்டு கிலோ" என்றுதான் கேட்கிறேன். கடைக்காரர் மூன்று வருடமாகத் தக்காளி கொடுத்து அனுப்புகிறார்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் கடிதம். கடைக் காகிதத்தில் கிறுக்கி அனுப்பும் கடிதம் அல்ல. பழைய செய்தித்தாளை ஊறவைத்து, கூழாக்கி, சல்லடையில் வார்த்து, அடுப்புச் சுவரில் காயவைத்து, வெங்காயச் சருகில் சாயம் ஏற்றி நானே செய்யும் காகிதம். உறை, அழுத்திய கம்பளியில். ஓரத்தில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஆட்டுக்கொம்புத் தையல். சமர்கந்தில் ஒரு விதவை எனக்கு எழுதுவார். முசுக்கட்டை இலையைக் காயவைத்து ஒட்டி அனுப்புவார். கோரோகில் ஓர் ஆசிரியை, தேநீரைத் தொட்டே மலை வரைவாள். அந்த மலையில் மூக்கை வைத்தால் தேநீர் வாசம் வரும்.

வந்த கடிதத்தை நான் உடனே பிரிக்க மாட்டேன். அடுப்பு வேலை முடிய வேண்டும், பிள்ளை தூங்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும். அதுவரைக்கும் மடியில் வைத்திருப்பேன். அந்த இரண்டு மணி நேரம் நான் யாருக்கும் மருமகள் இல்லை.

இது அவருக்கு ஆகவில்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் பசியோடு வந்தவர், பாத்திரத்தில் இருந்த காகிதக் கூழை ஜார்மாக் கூழ் என்று நினைத்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டார். மறுநாள் வெங்காயச் சாயத்தைத் தேநீர் என்று குடித்தார்.

"வீட்டுல எது திங்கற சாமான், எது எழுதற சாமான்னு ஒரு அடையாளமாவது வையேன்!"

"குடிக்கும்போது ருசி தெரியலையா?"

"நீ சமைச்சதுன்னு நெனச்சேன்!"

அன்றைக்குச் சபதம் போட்டார். "வசந்தம் வர்றதுக்குள்ள இந்த வீட்டுல காகிதம் ஊறுறத நிறுத்திக் காட்டறேன் பாரு!" கத்தினார். குதித்தார். அடுத்த நாள் பார்த்தால் பசுங்கன்று மாதிரி சாதுவாகிவிட்டார்.

அதே வாரம்தான் குல்சுனிடமிருந்து முதல் கடிதம் வந்தது.

குல்சுன் நாரின்காரி. என் கணவர் தினமும் மினிபஸ் ஓட்டிக்கொண்டு போய் வருகிற அதே நாரின். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. 'நானும் ஒரு வீட்டு மருமகள், நானும் ஒரு தாய், உன் கடித ஆசையைக் கேள்விப்பட்டேன்' என்று எழுதியிருந்தாள். எழுத்து அச்சடித்தது போலத் தனித்தனியாக நின்றது, தையல் மட்டும் குடிகாரன் நடந்த தடம் மாதிரி இருந்தது. பாவம், வீட்டு வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் புத்திமதிகள் எல்லாம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தன. கணவன் வந்ததும் காலை வெந்நீரில் கழுவிவிடு. ஆட்டு வால்கொழுப்பில் பெரிய துண்டு அவனுக்கே. அவன் குறட்டை உழைப்பின் இசை, உலுக்கி எழுப்பாதே. நான் ஒன்று விடாமல் செய்தேன். நான்கே மாதத்தில் மினிபஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

பதிலுக்கு நான் என் மனதைக் கொட்டினேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பிள்ளை பிறந்ததிலிருந்து காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன், இரவில் நாலு தரம் எழுந்து பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன் என்று எழுதினேன். அதற்கு அவள் எழுதினாள்: 'நானும் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு விரலில் பட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.'

அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை வால்கொழுப்பையும் கொடுத்தேன்.

மாமியாருக்கும் குல்சுனை மிகவும் பிடித்துப்போயிற்று. மாமியாரை மதிக்கச் சொல்கிற தோழி எங்கே கிடைப்பாள்? அவள் கடிதம் வந்தால் தேநீர் வேளையில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

மாட்டுக்குச் சளி பிடித்து மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. மாமியார், அவர், நான், மூவரும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். படித்தேன்.

'அன்புச் சகோதரி மீரிம், ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். குடும்பப் பெண்ணுக்குக் கடிதம் எதற்கு? நோவ்ரூஸ் வசந்தப் பண்டிகைக்குள் என்னிடம் உள்ள கடிதங்களையெல்லாம் அடுப்பில் போடப் போகிறேன். நீயும் போட்டுவிடு. சமர்கந்த், கோரோக், ஒன்றையும் மிச்சம் வைக்காதே. இதுவே என் கடைசிக் கடிதம்.'

படிப்பதை நிறுத்திவிட்டேன். குல்சுனும் போகிறாள், அவளோடு மற்றவர்களும் போக வேண்டும். அப்புறம் எனக்கு யார்? அடுப்பும் மாடும்தான்.

அவர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார். "நல்ல பொண்ணு. அவ சொன்னா அதுல விஷயம் இருக்கும். அடுப்புல இப்ப நெருப்பு நல்லாத்தான் இருக்கு."

"முழுசாப் படிடி" என்றார் மாமியார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தேன். 'நேற்று என் மாமனார் ஜுமாபாயும் மாமியார் சைராவும் என்னைக் கூப்பிட்டு, காகிதத்தை விட்டவளே நல்ல மருமகள் என்று ஆசீர்வாதம் செய்தார்கள்.'

மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நிறுத்து. அவ மாமனார் பேரு என்ன?"

"ஜுமாபாய்னு எழுதியிருக்கு அத்தை."

"யாரு எழுதியிருக்கா?"

"குல்சுன்."

"மருமக?"

"ஆமா."

"மாமனார் பேர? முழுசா? மை தொட்டு?"

அவர் வாயில் இருந்த ரொட்டி வழி தவறிப் போயிற்று. இருமினார்.

"நாப்பது வருஷமாச்சு நான் இந்த வீட்டுக்கு வந்து" என்றார் மாமியார். "என் மாமனார் போனப்ப இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். 'பேரச் சொல்லும்மா'ன்னான். சொன்னேனா? தெருவுல போன ஒருத்தனக் கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சேன். அந்தப் படுபாவி தப்பாச் சொல்லிட்டான். இன்னைக்கு வரைக்கும் அந்தத் தாள்ல வேற எவனோதான் செத்திருக்கான். ஆனா என் வாய் சுத்தம்!"

"நாரின்ல எல்லாம் மாறிப்போச்சும்மா. இந்தக் காலத்துப் பொண்ணுங்க..."

"என் தங்கச்சி மருமக நாரின்லதாண்டா இருக்கா. பேங்க்ல வேல. முடிய வெட்டிக்கிட்டா, பேன்ட் போட்டுக்கிட்டா. மாமனார் பேரு வர்ற எடத்துல மட்டும் வாயப் பொத்திக்கறா."

"அவசரத்துல எழுதியிருப்பா."

"அவசரத்துல கைய வெட்டிக்கலாம். மாமனார் பேர எழுத வராது. இத எழுதினது பொம்பளையே இல்ல."

நான் கையில் இருந்த உறையைப் பார்த்தேன். பசையில் ஒரு செந்நிற முடி ஒட்டியிருந்தது. எங்கள் மாட்டின் நிறம். நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தேன். இரண்டு விரல்களில் தோல் உரிந்திருந்தது. மாமியாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சாவு விழுந்தது போல இருந்தது. நான்கு மாதம் யார் தோளில் சாய்ந்து அழுதேன்? மீசையில் கொழுப்பு வழிகிற ஒரு மினிபஸ் ஓட்டுநர் தோளில். என் கண்ணீரையெல்லாம் நாரின் தபால் நிலையப் பெட்டியிலிருந்து எடுத்து, பயணிகள் ஏறும் நேரத்தில் படித்துவிட்டு, எனக்கு வால்கொழுப்பு என்று பதில் எழுதியிருக்கிறார். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே பெண் பிறக்கவே இல்லை.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு மாதம் முன்பு, இருட்டில் பிள்ளையின் மூக்கைத் தடவினேன். அங்கே ஏற்கனவே ஒரு விரல் இருந்தது. தடித்த விரல். கனவு என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன். ஆக, குல்சுன் எழுதிய அத்தனையிலும் அந்த ஒரு வரி பொய்யில்லை. அதனால்தான் அன்றைக்கு உருட்டுக்கட்டை அதன் இடத்திலேயே இருந்தது.

மாமியார் கிண்ணத்தை மறுபடி எடுத்தார். குரலில் தேன் வழிந்தது.

"பாவம். அப்படின்னா அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்க ஆளில்ல."

"அதேதாம்மா!" அவருக்கு உயிர் வந்தது.

"அப்ப நாம கை விடக் கூடாது. உன் மினிபஸ் தெனம் போகுதுல்ல, நாளைக்கே அவள ஏத்திக்கிட்டு வா. ஒரு ஆட்ட அறுப்போம். எதுத்தாப்புல உக்கார வெச்சுப் பழக்கவழக்கம் சொல்லித் தர்றேன்."

"அவளுக்கு... மலப்பாதைன்னா வாந்தி வருமாம்."

"அப்ப நான் வர்றேன்."

"வேணாம்மா! கணவாய்ல பனி!"

"அப்ப கடிதம்தான். வாரம் ஒண்ணு. நான் சொல்றேன், மீரிம் எழுதட்டும். அவளும் வாரா வாரம் பதில் போடணும். ஒரு வாரம் தவறினாலும் புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நான் பஸ் ஏறிடுவேன், ஆமா."

"கடைசிக் கடிதம்னு எழுதியிருக்காளேம்மா..."

"மனசு மாறுவா. நல்ல பொண்ணுன்னு நீதானே சொன்ன?" என்றவர் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தையல் கேவலமா இருக்கு. மீரிம், அடுத்த கடிதத்துல அதையும் எழுது. ஆட்டுக்கொம்புத் தையல் போட்டு அனுப்பச் சொல்லு. நாலு பக்கமும்."

சமர்கந்தும் கோரோகும் பிழைத்துக்கொண்டன. அடுப்பில் விறகு மட்டுமே எரிந்தது.

அவர்தான் இளைத்துப்போனார். மினிபஸ்ஸை நிறுத்தியதும் நேராக வைக்கோல் அறை. காலை வெந்நீரில் நனைக்க நேரமில்லை. பத்து விரலிலும் ஊசிக் குத்து. ஆனால் சொல்லத்தான் வேண்டும், தையல் தேறிவிட்டது. போன மாதக் கடிதத்தில் கொம்பு கொம்பாகவே இருந்தது. கொழுப்பு விஷயத்திலும் குல்சுன் கருத்தை மாற்றிக்கொண்டாள். எங்கள் கடிதத்தில் மாமியார் கேட்ட ஒரு கேள்விக்கு, 'மருமகளுக்கும் பாதி கொடுப்பதே நியாயம்' என்று எழுதினாள்.

போன வாரம் அவர் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"மீரிம், உனக்கே அலுப்பா இல்லையா? போதும்னு அவளுக்கு ஒரு வரி எழுதிடேன்."

"ஏங்க, எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு சிநேகிதி. அவளையும் விடச் சொல்றீங்களே!"

ஊசி வாங்கப் போய்விட்டார்.

விளையாட்டாகச் சொன்னேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். இல்லை. எல்லாம் தெரிந்த பிறகும், ஒவ்வொரு வாரமும் உறையைப் பிரிக்கிற அந்த ஒரு நொடி, நாரினில் உண்மையாகவே ஒருத்தி இருக்க மாட்டாளா என்று ஏங்குகிறேன். உள்ளே இருப்பது அவர் எழுதியதுதான். ஒவ்வொரு வாரமும் அவள் ஒரு தரம் சாகிறாள்.

நேற்று வியாழக்கிழமை. எழுதுகிற நாள். மாமியார் தலையணையில் சாய்ந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு என் மகனப் பத்தி எழுதணும். மனசுல இருக்கறது பூராவும். எழுது: 'அன்புள்ள குல்சுன், என் மகனப் போல ஒரு சோம்பேறிய...'"

வாசற்படியில் அவர் வந்து நின்றார். கையில் கத்தரிக்கோல்.

"அம்மா... என்னப் பத்தியா எழுதறீங்க? என்ன எழுதறீங்க?"

"போடா அந்தப் பக்கம். பொம்பளைங்க சமாச்சாரம். மீரிம், கதவச் சாத்து. இது குல்சுன் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியணும்."

எழுந்து போய் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.