வடகிழக்கு, மேற்படி

காற்றை அடக்கி ஆண்டவர்கள் புராணத்தில் சிலர் உண்டு. சரித்திரத்தில் ஒருவர்தான்: ஹேடோ குளிர்பதனக் கிடங்கின் சூப்பரின்டெண்டென்ட் பாலசுப்பிரமணியம் அவர்கள். அதற்காக அவர் தவம் ஏதும் செய்யவில்லை. ஒரு ரெஜிஸ்டரும் ஒரு பேனாவும் போதுமானதாக இருந்தன.

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் உருளைக்கிழங்கும் முட்டையும் இறைச்சியும் அழுகாமல் போர்ட் பிளேர் சாப்பிட்டது என்றால், அது அந்தக் கிடங்கின் புண்ணியம். கிடங்கு குளிர்ந்தது என்றால், அது அம்மோனியாவின் புண்ணியம். அம்மோனியா குழாய்க்குள்ளேயே இருந்தது என்றால், அது சிலுவைராஜின் புண்ணியம். ஆனால் அவன் டெம்பரரி ஆதலால் புண்ணியம் அவன் கணக்கில் ஏறவில்லை. தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து ஆறு வருஷமாக அவன் டெம்பரரி. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவனுடைய தற்காலிகத் தன்மையை அலுவலகம் தவறாமல் நீட்டித்து வந்தது. பர்மனென்ட் ஆனால் ஒழுகாத கூரையோடு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அவன் மனைவி அமுதம் அந்தக் கூரையை ஏற்கெனவே மனதில் பார்த்து, அதன் கீழே அடுப்பும் போட்டுவிட்டாள்.

தினமும் காலையில் சிலுவைராஜ் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய்களின் இணைப்புகளில் காட்டுவான். வெள்ளையாகப் புகைந்தால் அங்கே கசிவு. மூன்றாம் நம்பர் வால்வு தினமும் கொஞ்சம் புகைந்தது. கசிவை அடைக்கப் புதுப் பேக்கிங் கேட்டு மனுப் போட்டான். மனு பரிசீலனையில் இருந்தது. வால்வு கசிவில் இருந்தது. இரண்டும் தத்தம் கடமையைச் செய்துகொண்டிருந்தன.

பாதுகாப்பில் அலுவலகம் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முகமூடி ஒன்று இருந்தது. அது களவு போகாமல் கண்ணாடி அலமாரியில் பூட்டிப் பாதுகாக்கப்பட்டது. சென்ற ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் இன்னும் இருந்தது. போன ஜனவரியில் மெயின்லேண்டிலிருந்து ‘நிபுணர்’ ஒருவரும் வந்தார். விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார். வடகிழக்குக் காற்று. வாயு கசிந்தால் கடல் பக்கம் போய்விடும் என்று கண்டுபிடித்து, கிடங்குக்குக் கிழக்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். ‘அபாய காலத்தில் ஊழியர்கள் ஒன்றுகூடும் இடம்.’ ரெஜிஸ்டரில் ‘காற்று’ என்று ஒரு கட்டமும் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் போய்விட்டார்.

அன்று சூப்பரின்டெண்டென்ட் அந்தக் கட்டத்தில் ‘வடகிழக்கு’ என்று எழுதினார். மறுநாள் ‘மேற்படி’ என்று எழுதினார். அதற்கு மறுநாளும் மேற்படி. பிப்ரவரி மேற்படி, மார்ச் மேற்படி. மே மாதக் கடைசியில் காற்று வழக்கம்போலத் திரும்பிக் கடலிலிருந்து கிழக்கே அடிக்க ஆரம்பித்தது. ஆனால் அது ஓர் அரசாங்க அலுவலகத்தில் செய்ய வேண்டிய முறைப்படி எழுத்து மூலம் தெரிவிக்கவில்லை.

சிலுவைராஜுக்குத் தெரிந்தது. அவன் அப்பனும் பாட்டனும் பாய்மரத்தில் துணி கட்டிக் காற்றுப் பார்த்தவர்கள். அமுதத்தின் பழைய சிவப்புச் சேலையில் ஒரு முழம் கிழித்து, மூங்கிலில் கட்டி, கிடங்குக் கூரையில் நட்டான். துணி நாள் முழுக்கக் கிழக்கே அந்தச் சுண்ணாம்பு வட்டத்தையே காட்டிக்கொண்டு பறந்தது. அமுதமும் இன்னும் பத்துப் பெண்களும் கிடங்கில் உருளைக்கிழங்கு பொறுக்குகிறவர்கள். மணி அடித்தால் அந்த வட்டத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவனைக் கூப்பிட்டார்கள்.

“அது எந்தக் கட்சிக் கொடி?” என்று கேட்டார் சூப்பரின்டெண்டென்ட்.

“கட்சி இல்ல சார். காத்து பாக்குறதுக்கு. இப்ப கடல்லேருந்து கச்சான் வீசுது. வாயு கிளம்பிச்சின்னா நேரா வட்டத்துக்குத்தான் போவும். வட்டத்தக் கடல் பக்கமா மாத்திப் போட்டுட்டா நல்லது.”

அவர் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். நூற்று நாற்பது மேற்படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அணிவகுத்து நின்றன. இத்தனை சாட்சிகளுக்கு எதிராக ஒரு முழம் துணி. அடுத்த வாரம் பெரிய அதிகாரி பரிசோதனைக்கு வருகிறார், அவர் கையெழுத்தில்தான் பர்மனென்ட் உத்தரவு இருக்கிறது, அரசாங்கக் கட்டடத்தில் சிவப்புத் துணி பறந்தால் அவர் என்ன நினைப்பார் என்று அன்போடு விளக்கினார்.

சிலுவைராஜ் வீட்டில் வந்து சொன்னான். அமுதம் ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த அண்டாவைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எறக்கிருங்க. ஒரு வாரந்தான? அவரு போனப் பொறவு கட்டிக்கிடலாம்” என்றாள்.

இறக்கினான். அந்தத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. குவார்ட்டர்ஸை நினைத்துக்கொண்டான். கொஞ்சம் தணிந்தது.

பரிசோதனை நாளன்று கிடங்கு கல்யாண வீடாக இருந்தது. மூன்றாம் நம்பர் வால்வுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் அழகில் மயங்கிய பெரிய அதிகாரி, “இது சுற்றுமா?” என்று கேட்டார். சுற்றும் என்று நிரூபிக்க சூப்பரின்டெண்டென்ட் தம் கையாலேயே சுற்றினார். அது சுற்றியது. நைந்துபோன பேக்கிங் பிய்த்துக்கொண்டு, சீறலோடு வெள்ளைப் புகை கிளம்பியது.

மணி அடித்தது. அதன்பின் எல்லாமே ஒழுங்காக நடந்தது. பெண்கள் வட்டத்தில் போய் நின்றார்கள். அதிகாரிகள் கடல் பக்கத்து வராந்தா மூலைக்குப் போனார்கள். வட்டம் ஊழியர்களுக்கு மட்டுமே என்பது விதி. சூப்பரின்டெண்டென்ட் மெகாபோனை வாயில் வைத்து அகர வரிசைப்படி பெயர் கூப்பிட்டார். வரிசையும் அகர வரிசைதான். அமுதம் முதலில், கிடங்குச் சுவரை ஒட்டி நின்றாள்.

உள்ளே முகமூடி அலமாரியில் பத்திரமாக இருந்தது. சாவி வராந்தாவில் சூப்பரின்டெண்டென்ட் பையில் பத்திரமாக இருந்தது. சிலுவைராஜ் ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு தவழ்ந்து போய், அம்மோனியா ரிசீவர் தொட்டியின் வால்வை மூடினான். இருமிக்கொண்டே வெளியே வந்து பார்த்தான். அதற்குள் கிளம்பியிருந்த புகை சுவரைத் தாண்டி வட்டத்தின் மேல் படுத்திருந்தது. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

“கடல் பக்கம் ஓடுங்க. இதர் ஆவோ, ஜல்தி” என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினான்.

“யாரும் அசையக் கூடாது. இன்னும் நாலு பேர் பாக்கி” என்றது மெகாபோன்.

சிலுவைராஜ் ஓடிப்போய் அமுதத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வராந்தாவைத் தாண்டிக் கடலை நோக்கி ஓடினான். மற்றவர்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஆஜர் பட்டியல் ஏழாவது பெயரோடு நின்றுபோனது. அந்தக் கிடங்கின் வரலாற்றில் அதுதான் முதல் ஒழுங்கீனம்.

பத்துப் பெண்களுக்கு ஒரு வாரத்தில் கண் சரியாகிவிட்டது. முதலில் ஆஜர் சொன்னவளுக்கு இடது கண் பால் படிந்ததுபோல வெளுத்து, அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, நல்ல மழை நாளில், இருவரையும் சூப்பரின்டெண்டென்ட் அறைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணையை அவரே நடத்தி, அவரே முடித்திருந்தார். சம்பவ நாளில் காற்று வடகிழக்கு, ரெஜிஸ்டர் சொல்கிறது. ஆகவே வாயு கடலுக்குத்தான் போயிருக்கும். ஆகவே வட்டத்துக்கு வரவில்லை. ஆகவே கண்ணில் வந்தது வேறு ஏதோ வியாதி. ‘விபத்து எதுவும் இல்லை’ என்று புருஷனும் பெண்சாதியும் கையெழுத்துப் போட்டால், ஆஜர் நேரத்தில் செய்த கலாட்டாவை மறந்துவிட்டு, அடுத்த கப்பலிலேயே பர்மனென்ட் உத்தரவு வரும்.

சிலுவைராஜ் பேனாவை வாங்கினான். பெட்டியில் மடித்து வைத்த துணி ஞாபகம் வந்தது. 

அமுதம் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் சூப்பரின்டெண்டென்டைப் பார்த்தாள்.

“இன்னைக்குக் காத்து எங்கிட்டிருந்து வருது சார்?”

“வடகிழக்கு” என்றார் அவர், ரெஜிஸ்டரைப் பார்த்து.

அந்த நேரம் கடலிலிருந்து ஒரு சாரல் வீசி, ரெஜிஸ்டரின் திறந்த பக்கத்தில் தெறித்தது. மேற்படிகள் ஒன்றிரண்டு கரைந்தன. சூப்பரின்டெண்டென்ட் பதறி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கொக்கியைப் போட்டார். கைக்குட்டையால் பக்கத்தை ஒற்றி எடுத்தார். பிறகு நிதானமாக உட்கார்ந்து, அன்றைய தேதிக்கு நேரே ‘மேற்படி’ என்று எழுதினார்.

சிலுவைராஜ் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு அமுதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான்.

அந்த அறைக்கு நாலு பக்கமும் ஜன்னல் உண்டு. எதைச் சாத்த வேண்டும் என்று அவர் ரெஜிஸ்டரைப் பார்க்கவில்லை.