உறங்கியவருக்குப் பாடிய பதிகம்

இறைவனை நம்பி வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சக மனிதரிடம் ஒப்புக்கொள்ளும் சங்கடத்திலிருந்து தப்பித்துக்கொள்ளலாம். அந்த வசதியை நெடுங்காலம் அனுபவித்தவள் நான். அதற்குப் பக்தி என்று பெயரும் வைத்திருந்தேன்.

என் வேண்டுதல்களில் சிறியது, பெரியது என்ற பேதம் இருந்ததில்லை. பேருந்தில் சன்னலோர இடம் கிடைக்க வேண்டும். தோசை கல்லில் ஒட்டக் கூடாது. விருந்தினர் விடைபெறும்வரை எரிவாயு தீரக் கூடாது. பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி, நான் தமிழ் நடத்தும் வகுப்பை எட்டிப் பார்க்காமலே போய்விட வேண்டும். இவற்றையெல்லாம் நோயும் மரணமும் பற்றிய பெருங்கோரிக்கைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே குரலில் விண்ணப்பித்து வந்தேன். (தோசை பலமுறை ஒட்டியது. குறை மாவில்தான் என்று சொல்லி அவரை மன்னித்துவிட்டேன்.)

என் கணவர் அலுவலகப் பணியாளர். காலையில் போய் மாலையில் திரும்பும் ஜெனரல் ஷிப்டுக்காரர். என் விண்ணப்பங்களைச் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு அவர் ஒருநாள் சொன்னார்:

“அவருக்கும் கொஞ்சம் ஓய்வு குடு. உன் தோசையத் தவிர வேற வேலையே இருக்காதா அவருக்கு?”

“சின்னதுல நம்பாதவங்க பெரிசுல எப்படிங்க நம்புவாங்க?” என்றேன்.

இந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. ஆசிரியர் அறையில் பலருக்கும் அதைப் பரிமாறினேன். பெரும்பாலோர் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள். கணக்கு நடத்தும் கலைச்செல்வி மட்டும் அதை நம்பிவிட்டாள்.

அவள் என்னைவிட இளையவள். அவளுடைய கணவர் ஞானசேகரன் சுரங்கத்தில் வேலை செய்தார். இதயத்தில் அடைப்பு இருப்பது தெரியவந்து, புதுச்சேரியில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் அவள் என்னைத் தனியே அழைத்தாள்.

“அக்கா, நாளைக்கு மத்தியானம் வண்டி வருது. அதுக்குள்ள நீங்க வூட்டுக்கு வந்து ஒரு பாட்டுப் பாடி, அவருக்குத் துன்னூறு வச்சு விடணும். பயப்படுறாருக்கா. வெளிய சொல்ல மாட்டாரு. செவுத்தப் பாத்துகினே உக்காந்திருக்காரு. ‘உங்க டீச்சர் வந்து வேண்டிகிட்டா ஏறுறேன்’னு அவரே வாய விட்டுச் சொல்லிட்டாரு.”

என்னை நம்பி ஓர் உயிர் வண்டி ஏறக் காத்திருந்தது அதுவே முதல் முறை. நெகிழ்ந்துபோனேன். சற்றே பெருமிதமும் கொண்டேன். (‘சற்றே’ என்பது பொய்.)

“நாங்க குவார்ட்டர்ஸ் மாறிட்டோம்கா. தண்ணி டேங்கத் தாண்டி, ரெண்டு ரோடு விட்டு அடுத்ததுல உள்ள திரும்பி… இருங்க, லொக்கேஷன் அனுப்பிடுறேன்.”

“எதுக்கும்மா? இந்த ஊர்ல எனக்கே வழி காட்டணுமா? அடையாளம் மட்டும் சொல்லு.”

“நீல கேட்டு. வாசல்ல பலாமரம்.”

“போதும்.”

உண்மையில் நெய்வேலியில் நான் அறிந்தவை பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் செல்லும் சாலைகள் மட்டுமே. மற்றத் திசைகளில் என் கணவருடைய வண்டியின் பின்னிருக்கையில், அவர் முதுகைப் பார்த்தபடி மட்டும் பயணம் செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை திருவதிகைக்குச் சென்று வழிபட்டு, திருநீற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். உச்சி வெயிலில் கலைச்செல்வி சொன்ன குடியிருப்பு வட்டத்தில் பேருந்தைவிட்டு இறங்கினேன். தண்ணீர்த் தொட்டியைக் கண்டுகொண்டேன். அதைத் தாண்டியதும் என் அறிவு தீர்ந்துவிட்டது. ஒரே அச்சில் வார்த்தவை போன்ற வீடுகள், ஒரே நிறச் சுவர், ஒரே உயரத்து வேலி. பலாமரம் என்றாளே! பண்ருட்டிக்கு இத்தனை அருகில், பலாமரம் இல்லாத வீட்டையல்லவா அடையாளமாகச் சொல்லியிருக்க வேண்டும்?

கைப்பைக்குள் கைப்பேசி இருந்தது. ஓர் அழைப்புப் போதும். ஆனால் ‘இந்த ஊர்ல எனக்கே வழி காட்டணுமா’ என்று நான் சொன்னது காதில் ஒலித்தது. அழைக்க மனம் வரவில்லை. நிழலுக்காக ஒரு மரத்தடியில் ஒதுங்கி, கண்ணை மூடிக்கொண்டு கடவுளை அழைத்தேன்.

“ஐயனே, உனக்குத் தெரியாத வீடா? நான் நுழைய வேண்டிய வீட்டின் கதவை நீயே திறந்து வை.”

கண்ணைத் திறந்து நடந்தேன். அந்த வெயிலில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒரே ஒரு கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது. வாசலில் பலாமரம், வேலியில் ஒரு கேட்டு, நீலம் என்று நம்ப விரும்புகிறவருக்கு நீலம். உடல் சிலிர்த்தது.

“கலை…” என்று மெல்லக் குரல் கொடுத்தேன். பதில் இல்லை. கொல்லைப்புறத்தில் குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பாவம், புறப்படும் வேலையில் இருக்கிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

சன்னல்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். கட்டிலில் ஒருவர் மல்லாந்து, அசைவின்றிக் கிடந்தார். முகத்தின் மேல் ஒரு துண்டு. நோயாளியின் அறை என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பகலில் இப்படித்தான் உறங்குவார்கள் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்; ஜெனரல் ஷிப்டுக்காரரின் மனைவிக்குத் தெரியவில்லை. ஞானசேகரனை நான் ஒரு திருமணப் பந்தியில், எதிர்வரிசையில், ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்போதும் என் கவனம் இலையில் இருந்தது.

துண்டைச் சிறிது விலக்கி, நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். அவர் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“பெல்ட்டு ஓடுதா?”

நிலக்கரி ஏற்றிச் செல்லும் பட்டை ஓடுகிறதா என்று கேட்கிறார்! உயிர் ஊசலாடும் நேரத்திலும் என்ன கடமையுணர்வு! எனக்குக் கண்ணீர் பெருகிவிட்டது.

“ஓடுதுங்க. நீங்க கவலப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு, பெரிய ஆபத்துகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த பதிகத்தைத் தொடங்கினேன். அது மெதுவாக, உருகி உருகிப் பாட வேண்டியது. என் குரலில் இன்னும் கொஞ்சம் மெதுவாகும்.

சிறிது நேரத்தில் எனக்குப் பின்னால் யாரோ விசும்புவது கேட்டது. பிறகு இன்னொருவர். திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டின் உருக்கம் தெருவையே ஈர்த்துவிட்டது என்று நினைத்தேன். இடையே ஒரு குரல், “காலையிலகூட நைட்டு ஷிப்டு முடிச்சுட்டுப் பால் வாங்கினு போனாரே!” என்றது. நோயிலும் பால் வாங்கும் மனிதர் என்று அதற்கும் உருகினேன். எல்லாரும் சேர்ந்து பாடுங்கள் என்று கையால் சைகையும் காட்டினேன். ஒருவரும் பாடவில்லை. மாறாக, ஓவென்று அழுதார்கள். (அடடா, என்ன பக்தி!)

அப்போது வாசலில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. மாவு மில்லிலிருந்து திரும்பிய பெண்ணொருத்தி, அரைத்த மாவையெல்லாம் நடையில் கொட்டிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து கட்டிலின் மேல் விழுந்தாள்.

“ஐயோ மாமா! மில்லு வரைக்கும் போயினு வரதுக்குள்ள என்ன விட்டுட்டுப் போயிட்டியே!”

‘மாமா’ துண்டை எடுத்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“யாருடி செத்தது?” என்றார் அவர்.

“நீதான்!”

“நானா? யாரு சொன்னா?”

எல்லாருடைய கண்களும் என்மீது திரும்பின. பதிகத்தில் இன்னும் சில அடிகள் மீதமிருந்தன. அவற்றை விழுங்கினேன்.

“நீங்க… ஞானசேகரன் இல்லீங்களா?”

“செல்வராசு. நீ யாரும்மா? எங்க வூட்ல உக்காந்துகினு எதுக்கு எனக்குப் பாடுற?”

அவர் மனைவி மல்லிகாவுக்கு அழுகை அதற்குள் கோபமாக மாறியிருந்தது. “நல்லாத் தூங்கினு இருந்த மனுஷன நடுவூட்ல பொணமாக்கிட்டியே! படிச்சவ மாதிரி இருக்க, வாசல்ல நின்னு ஒரு வார்த்த கேக்க மாட்ட?”

அதுதான் அந்த நாளின் கேள்வி. இறைவன் கதவைத் திறந்துவைத்தார் என்று அந்தக் கூட்டத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை. கைப்பேசி ஒலித்து என்னைக் காப்பாற்றியது. அல்லது இன்னும் ஆழத்தில் தள்ளியது.

“அக்கா, எங்க இருக்கீங்க?” கலைச்செல்வியின் குரல் உடைந்திருந்தது. “வண்டி வந்து நிக்குது. இவரு ஏற மாட்டேன்றாரு. பின்னாடி தெருவுல யாரோ செத்துட்டாங்க போலக்கா. சாவுப் பாட்டும் அழுகையுமாக் கேக்குது. சகுனம் சரியில்ல, ஆபரேஷனே வேணாம்னு உக்காந்துட்டாரு. இன்னைக்கு விட்டா மறுபடி எப்ப டேட்டு கிடைக்கும்னு தெரியாதுக்கா.”

கலைச்செல்வியின் வீடு, நான் நின்ற வீட்டின் கொல்லைச் சுவருக்கு மறுபுறம் இருந்தது. அவருக்குத் தைரியம் சொல்ல வந்தவள், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அவரைப் பாடிப் பாடிப் பயமுறுத்தியிருக்கிறேன்.

நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதையெல்லாம் செல்வராசு கேட்டார். கொட்டாவி விட்டார். சட்டையை எடுத்துப் பொத்தான்களைத் தாறுமாறாகப் போட்டுக்கொண்டார்.

“நட டீச்சர். என் பைக்குல ஏறு. அடுத்த ரோடுதான்.”

மல்லிகா விடவில்லை. “இவள நம்பிப் போறியே, இன்னும் யாருக்காவது பாடப் போறா!”

ஞானசேகரன் வாசலில் நாற்காலி போட்டு, இரு கைப்பிடிகளையும் இறுகப் பற்றி உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. கலைச்செல்வியின் அண்ணன் என்னைப் பார்த்ததும், “உங்களுக்காகத்தாங்க இவ்ளோ நேரம்! நாங்க பாட்டுக்குப் போயிருப்போம்” என்று வெடித்தார். நான் திருநீற்றுப் பொட்டலத்தைத் தேடினேன். அது மல்லிகாவின் மாவோடு மாவாக அந்த வீட்டு நடையில் கிடந்தது.

செல்வராசு பைக்கை நிறுத்திவிட்டு நேராக நாற்காலியின் முன் போய் நின்றார்.

“சார், பின்னாடி தெருவுல செத்த ஆளு நான்தான்.”

ஞானசேகரன் நிமிர்ந்து பார்த்தார். லுங்கியும் கோணல் சட்டையும் நெற்றி நிறைய நீறுமாக ஒரு மனிதர், தூக்கக் கண்ணோடு நின்றார்.

“நைட்டு ஷிப்டு முடிச்சுப் படுத்திருந்தேன் சார். உங்களுக்குப் பாட வேண்டியத டீச்சர் எனக்குப் பாடிட்டாங்க. அதக் கேட்டுட்டு ஊரே அழுதுடுச்சு. உங்களுக்குச் சேர வேண்டிய துன்னூறும் எங்கிட்டதான் இருக்கு.” தம் நெற்றியிலிருந்து கட்டைவிரலால் வழித்து, ஞானசேகரனின் நெற்றியில் இழுத்துவிட்டார். “செத்தவனே எழுந்து வந்து பூசுறேன். ஏறுங்க சார்.”

ஞானசேகரனின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதய்யா, வலிக்குது” என்றபடி எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள், கலைச்செல்வியைத் தவிர. அவள் வண்டியில் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல் கேட்டாள்:

“ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா?”

கடவுளோடு பேசிக்கொண்டிருந்ததால் உன்னோடு பேசவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நிமிரவில்லை.

அறுவை நடந்த நாளன்று பதிகம் வாயில் வரவில்லை. அடுப்படியில் நின்று, அந்த மனிதர் பிழைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அடையாளமோ கதவோ கேட்கவில்லை. இத்தனை நாளும் வேண்டியதெல்லாம் பெரும்பாலும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே என்று அப்போது புரிந்தது. அன்று காப்பாற்ற மானம் ஏதும் மிச்சமில்லை. ஒருவேளை நான் செய்த முதல் வழிபாடு அதுவாக இருக்கலாம். மாலையில் கலைச்செல்வி அழைத்து, நல்லபடியாக முடிந்தது என்றாள். நான் அழுததைக் கண்டு என் கணவர், யார் போய்விட்டார்கள் என்று கேட்டார்.

இப்போதும் வேண்டிக்கொள்கிறேன், தோசைக்கும் சேர்த்து. ஆனால் வழி தெரியாவிட்டால் முதலில் வழியில் போகிறவரைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவர் படுக்கும் முன், “தூங்கத்தான் போறேன், பாட ஆரம்பிச்சுடாத” என்று அறிவித்துவிட்டே கண்ணை மூடுகிறார்.

ஞானசேகரன் பரிசோதனைக்காகப் புதுச்சேரிக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு அழைப்பு வரும். திருநீறு பூசுவதற்கு அல்ல. அதற்குச் செல்வராசு வருவார், இரவு ஷிப்டு முடிந்த கையோடு, கண்கள் சொருக. என் வேலை, தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சென்ற முறை, பழக்கதோஷத்தில் என் உதடு லேசாக அசைந்துவிட்டது. ஞானசேகரனின் நெற்றியில் வைத்த விரலை எடுக்காமலே செல்வராசு என் பக்கம் திரும்பினார்.

“வேணாம் டீச்சர். மல்லிகா ஓடியாந்துடுவா.”