முழங்காலுக்கு நடுவே ஒரு கன்சர்டினா

எனக்குச் சங்கீதத்தில் தெரிந்தது கைதட்டுவது ஒன்றுதான். அதையும் பாட்டு முடிவதற்கு முன்பே செய்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒருவருக்கு வாத்தியம் வாங்க ஆலோசகராகப் போனேன்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிரேன் அண்ணனைப் போலத் தலைகுனிந்த மனிதர் கிடையாது. பணிவு என்று நம்பிப் பலர் ஏமாந்தார்கள். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், கண்ணாடித் தரை போட்ட கிரேன் அறையில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக் கண்டெய்னர் தூக்கித் தூக்கிக் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டில் எங்களையெல்லாம் செருப்பை வைத்துத்தான் அடையாளம் காண்பார். நான் புதுச் சப்பாத்து போட்ட அன்று லிஃப்டில், "பாஸ், எந்த மாடி?" என்று கேட்டார்.

ஐம்பது வயதில் அவருக்குப் பூக்கடை அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. துணைக்கு என்னை அழைத்துப் போய், கேட்டேவிட்டார்.

அக்கா சரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?"

"மியூசிக் வாசிப்பேன்" என்றார் அண்ணன். வாழ்நாளில் விசில்கூட அடித்ததில்லை.

"அப்படியா? கடை முன்னால ஒரு பாட்டு முழுசா வாசிங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

"ரெண்டு கைக்கும் வேலை இருக்கணும் லா, கிரேன்ல அதான் பழக்கம்" என்றார் அண்ணன் என்னிடம். அம்பாங்கில் ஒரு பழைய வாத்தியக் கடையில் தோதாக இரண்டு இருந்தன. இரண்டிலும் நடுவில் துருத்தி, இருபுறமும் பட்டன். ஒன்று, உள்ளங்கைகளுக்கு நடுவே அடங்கும் அறுகோணக் கன்சர்டினா. மற்றது, தோளில் மாட்டி நெஞ்சில் சுமக்கும் பட்டன் அக்கார்டியன்.

நான் ஒரு வாரம் படித்துவிட்டுப் போயிருந்தேன். "கன்சர்டினாவுல பாட்டு ரெண்டு கைக்கும் பிரிஞ்சு கிடக்கும்ணே, குழப்பம். அக்கார்டியன்ல வலது கைக்குப் பாட்டு, இடது கைக்குத் துணை. ஒரே ஆளு, முழுக் கச்சேரி!"

"படிச்சவரு சொன்னா சரி" என்று அக்கார்டியனைச் சுமந்து வந்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. பாட்டு இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு ஆன்டி கதவைத் திறந்து, "அண்ணே, ஒண்ணு முடிச்சிருங்க, இல்ல விட்டுருங்க. அதே எடத்துல நிக்கிறது தாங்கல" என்று கெஞ்சினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவனித்தேன். பெட்டிக்கு வலப்பக்கம் எட்டிப் பார்க்கிறார், இடப்பக்கம் எட்டிப் பார்க்கிறார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"கீழ ஒண்ணும் தெரியல லா. கீழ தெரியலன்னா எனக்குக் கை ஓடாது."

அன்றே கடைக்கு ஓடி மாற்றினோம். கன்சர்டினாவை முழங்கால்களுக்கு நடுவே தாழப் பிடித்தார். துருத்தி, பட்டன், விரல் எல்லாம் இருபது வருடமாகக் கண் பழகிய அதே இடத்தில்! இரண்டு கைகளும் பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, கண்டெய்னரைக் கப்பலில் இறக்குவதுபோல் ஒவ்வொரு சுரத்தையும் அலுங்காமல் இறக்கின.

மூன்றே வாரம். பூக்கடை முன்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, பாட்டை முழுசாக வாசித்தார். எதிர்க்கடையில் ரொட்டி சானாய் வீசியவர் மாவோடு வந்து நின்றார். போகிற பஸ்ஸில் ஜன்னல்கள் திறந்தன. கடைசிச் சுரம் முடிந்ததும் அண்ணன் தலையை நிமிர்த்தி அக்காவை நேராகப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு அழகான கண்கள் என்று எங்கள் ஃப்ளாட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா கட்டிக்கொண்டிருந்த மாலையை அப்படியே அவர் கழுத்தில் போட்டார்.

இந்த முறை சரியான இடத்தில் கைதட்டினேன். பெருமை தாங்காமல், வாத்தியத் தேர்வின் நுட்பங்களை அக்காவுக்கு விளக்கவும் ஆரம்பித்தேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "வாசிக்கத் தெரியாதுன்னு அன்னைக்கு அவரு குரல்லயே தெரிஞ்சிருச்சுண்ணே. ரெண்டாவது நாளு வந்து ஒத்துக்கிட்டிருந்தாலே சரின்னு சொல்லியிருப்பேன். கூட நீங்க படிச்சவரா போயிட்டீங்க, அதான் நாலு மாசம் ஆயிருச்சு."