தலைக்காயத் தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி

மனித குலம் தோன்றிய நாள்முதல் பிள்ளைகளின் தலைக்கு அந்தப் பள்ளி அளித்த பாதுகாப்பை வேறு எவரும் அளித்ததில்லை. தலையில் அடிபட்டவர் தெளிவாக இருக்கிறாரா என்று சோதிக்கும் தேர்வில் அங்கே ஒருவர்கூடத் தோற்றதில்லை. காரணம், விளையாட்டு ஆசிரியர். தேர்வு என்று இருந்தால் டியூஷன் என்று ஒன்று வேண்டாமா? எந்த மைதானம், என்ன கிழமை, போன ஆட்டத்தில் யார் வெற்றி என்று கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். ஆட்டத்துக்கு முன்பே அணி முழுவதற்கும் விடைகளை உருப்போட வைத்துவிடுவார்.

இறுதிப் போட்டியில் கோல்கீப்பர் அவருடைய சொந்த மகள். வீட்டில் ‘அப்பா’, மைதானத்தில் ‘சார்’. பாரபட்சம் கூடாதல்லவா?

இடைவேளைக்குச் சற்று முன் பந்தைப் பாய்ந்து பிடித்தவள், கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாள். ஆசிரியர் பதறி ஓடினார். மேடையிலிருந்த கோப்பையைப் பார்த்ததும் ஓட்டம் நடையாகிவிட்டது.

செவிலியர் ஓடி வந்தார்.

“இது எந்த மைதானம்மா?”

“நகராட்சி மைதானம், மேற்கு வாசல்.”

“வாசலை நான் கேக்கவே இல்லயே!”

“கூடுதலா தெரிஞ்சு வச்சிருந்தா தப்பா சிஸ்டர்?” என்றார் ஆசிரியர்.

“போன ஆட்டத்துல யாரு ஜெயிச்சா?”

“நாங்கதான். மூணுக்கு ஒண்ணு.”

“தலை வலிக்குதா?”

“வலிக்குது.”

“அதெல்லாம் பாடத்திட்டத்துலயே இல்ல சிஸ்டர்!”

செவிலியர் நிமிர்ந்தார். “அடிபட்ட அன்னைக்கே திரும்ப ஆடக்கூடாது சார். ஓய்வு எடுத்து, படிப்படியாத்தான் வரணும்.”

“படிப்படியாத்தானே? அதுக்கென்ன!” என்றவர், மகளைப் பார்வையாளர் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொன்னார். பாதி ஏறியதும் அவள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

“இவளை ஆட விட்டா நான் பொறுப்பில்ல,” என்றார் செவிலியர்.

“நூறு சதவீதம் என்னாகிறது?” என்று தலைமையாசிரியை கவலைப்பட்டார். மருத்துவ விவாதம் அத்துடன் முடிந்தது.

விசில் ஊதப்பட்டது. ஆசிரியரே மகளின் கையுறைகளை மாட்டிவிட்டார். “ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுக்க.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்:

“சார், எங்க அப்பா எப்ப வருவாரு? எனக்கு வீட்டுக்குப் போகணும்.”