தாயாரின் அனுமதி தேவை

"உன் அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடு" என்றது கைபேசித் திரை. எழுத்துகளுக்குக் கீழே ஒரு கரடிக்குட்டி கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிழை திருத்துபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கரடி போகவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, வாங்கியவர் யாரும் படிக்காத தாள், அதை ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து முப்பது வருஷமாக எழுத்தெண்ணிப் படித்துவருபவர். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் மூன்றடி தள்ளியே கண்டுபிடித்துவிடுவார். ஓட்டலுக்குப் போனால் பசியை மறந்து விலைப்பட்டியலில் பிழை பார்ப்பார். மனைவி எழுதும் சாமான் பட்டியலைக்கூட ஒற்று போட்டுத் திருத்தித்தான் கடைக்கு எடுத்துப் போவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகள் வெளியூரிலிருந்து ஒரு கைபேசி, ஒரு டேப்லெட், ஒரு கைக்கடிகாரம் மூன்றையும் ஒரே பெட்டியில் அனுப்பியிருந்தாள். மூன்றும் வேலை செய்ய ஒரே ஒரு புதுக் கணக்குத் தொடங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பெயரை மூன்று முறை படித்தார். பிறந்த தேதியையும் மாதத்தையும் இரண்டு முறை சரிபார்த்தார். வருஷம் என்ற சக்கரத்தை மட்டும் சுழற்ற மறந்துவிட்டார். அது நின்ற இடத்தில் நின்றது. அதன்படி அவருக்கு ஆறு வயது. இதைக் கவனிப்பதற்குள் 'சரி' என்பதை அமுக்கியிருந்தார்.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன்."

மனைவி ஈரக் கையோடு வந்தாள். மழலைப் பள்ளி ஆசிரியை. நாற்பது குழந்தைகளைக் குரலை உயர்த்தாமல் உட்கார வைப்பவள்.

"என்னங்க?"

"வருஷத்தைத் தப்பாப் போட்டுட்டேன்."

"நீங்களா?"

ஒரே சொல்தான். ஆனால் அதை அவள் மிட்டாய் மாதிரி வாயில் வைத்திருந்து சொன்னதாக அவருக்குப் பட்டது.

மகளுக்குப் போன் போட்டார்கள். "ரொம்ப சுலபம்ப்பா. அம்மாவை உங்க பொறுப்பாளரா சேத்துடுங்க. அவங்க உள்ள போய் வயசை மாத்தச் சொல்லிக் கேக்கலாம்" என்றாள் மகள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. மருமகனாக இருக்கும்.

மனைவியின் கைபேசியில் கேள்வி வந்தது: 'குழந்தைக்கும் உங்களுக்கும் என்ன உறவு?' மூன்று பதில்கள் இருந்தன. தாய், தந்தை, சட்டப்படியான காப்பாளர்.

"மனைவின்னு இல்லையே" என்றார்.

"ஆறு வயசுப் பிள்ளைக்கு எப்படிங்க மனைவி இருப்பா?"

"அப்ப காப்பாளர்னு போடு."

"போட்டேன். கோர்ட்டு உத்தரவு கேக்குது." அவள் 'தாய்' என்பதை அமுக்கினாள். இரண்டு கைபேசியும் ஒரே நேரத்தில் இனிமையாக மணியடித்தன.

வயதைத் திருத்த ஆவணம் வேண்டும் என்றது திரை. அதற்கென்ன என்று தன் அடையாள அட்டையைப் படமெடுத்துத் தன் கைபேசியிலிருந்தே அனுப்பினார். அரை நிமிஷத்தில் மனைவிக்குச் செய்தி வந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"'உங்கள் பிள்ளை ஒரு பெரியவரின் அடையாள அட்டையைப் பயன்படுத்த முயன்றுள்ளது. கோபப்படாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து அன்பாகப் பேசுங்கள்.'" பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். "வாங்க, உக்காருங்க. பேசலாம்."

அவர் உட்காரவில்லை. கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கப் பார்த்தார். குழந்தைகள் தாங்களாகக் கணக்கை அழிக்க முடியாது என்றது கரடி. டேப்லெட் வழியாக நுழைந்து பார்த்தார். ஐந்து முறை கடவுச்சொல் தப்பானது. அடிப்பதெல்லாம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால் ஒரு பிழை திருத்துபவர் என்ன செய்வார்? ஆறாவது முறை டேப்லெட்டும் கடிகாரமும் தாமாகவே அந்தச் சிறுவர் கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இங்கே மூன்று கரடியாகியிருந்தது.

சாயங்காலம் விதிமுறைகள் வந்தன. பள்ளி நேரமான ஒன்பதிலிருந்து மூன்று வரை எதைத் திறப்பதென்றாலும் தாயின் அனுமதி வேண்டும். மாலை ஏழு மணிக்கு எல்லாம் மூடிவிடும்.

"இதையாவது மாத்த முடியாதா?"

"ஆறு வயசுக்கு இவ்வளவுதான் விடுதுங்க" என்றாள் மனைவி. "நல்லா நடந்துக்கிட்டா பதினஞ்சு நிமிஷம் கூடக் குடுக்கலாமாம்."

திங்கட்கிழமை அச்சகத்தில் ஒரு தூக்க மாத்திரைத் தாள் அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது. திருத்த வேண்டிய மெய்ப்பைக் காகிதத்தில் தருவதை நிறுத்தி வருஷமாகிறது, மின்னஞ்சலில்தான் வரும். டேப்லெட்டைத் திறந்தார். 'இந்தப் பக்கத்தில் சிறுவர்களுக்கு ஒவ்வாத சொற்கள் உள்ளன' என்றது. கடிகாரத்தில் கரடி பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலாளரே தன் கைபேசியை நீட்டியபடி வந்தார்.

"என்ன சார் இது? தாள் முடிஞ்சுதான்னு கேட்டு உங்களுக்குச் செய்தி அனுப்பினா, 'இவருடன் பேசத் தாயாரின் அனுமதி தேவை'ன்னு பதில் வருது."

"தாயார் இல்லைங்க. மனைவி."

"மனைவியோட அனுமதி எங்க வீட்லயும்தான் வேணும். ஆனா இப்படி எழுத்துல தர மாட்டாங்களே." மேலாளர் அதை இன்னொரு முறை சத்தமாகப் படித்தார். அச்சு ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் மேஜைத் தொலைபேசியிலிருந்து மனைவியின் பள்ளிக்குப் பேசினார்.

"சீக்கிரம் சொல்லுங்க. இங்க ஒருத்தன் பட்டாணியை மூக்குல போட்டுக்கிட்டான்."

"அனுமதி குடு. தூக்க மாத்திரை."

"எதுக்கு?"

"படிக்கத்தான்."

"வரிசையில நில்லு, கண்ணு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இருந்தாலும் அவர் எழுந்து நின்றார்.

அனுமதி வர இருபது நிமிஷம் ஆனது. தாளைக் கடைசி வரி வரை படித்தார். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' முப்பது வருஷமாக ஆயிரம் முறை படித்த வரி. இவ்வளவு உறைத்ததில்லை. அன்று மாலைக்குள் அச்சகம் முழுக்க அவருக்குத் 'தம்பி' என்று பெயராகிவிட்டது. இருபத்து மூன்று வயது வடிவமைப்பாளப் பெண்கூட, "தம்பி, பாத்துப் போங்க, ரோடு" என்றாள்.

மறுநாள் மனைவியின் கைபேசியிலிருந்து உதவி மையத்துக்குப் பேசினார். ஒரு பெண் எடுத்தாள். குரல் பணிவாக இருந்தது. அவர் நடந்ததையெல்லாம் வரிசை பிசகாமல் சொன்னார்.

"புரியுது சார். உங்க அம்மாகிட்ட ஃபோனைக் குடுக்க முடியுமா?"

"எங்கம்மா போய்ச் சேந்து பதினொரு வருஷம் ஆச்சு."

"இல்லையே சார். காலையில ஏழரைக்குக்கூட உள்ள வந்திருக்காங்க."

அவர் சுவரில் மாலையோடு தொங்கிய அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். "அது என் மனைவிங்க. இருங்க, கூப்பிடுறேன்." திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, இங்க வாம்மா."

"பக்கத்துலதான் இருக்காங்க போல" என்றாள் அந்தப் பெண், இதமாக.

"மனைவியைத்தான் அப்படிக் கூப்பிட்டேன். முப்பத்தோரு வருஷமா அப்படித்தான் கூப்பிடுறேன்."

"முப்பத்தோரு வருஷமாவா சார்? இங்க ஆறு வயசுன்னு இருக்கு."

மனைவி போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். புகாரை ஏற்றுக்கொண்டார்களாம், முப்பது நாள் ஆகலாமாம்.

முதல் சில மாலைகள் கொடுமையாக இருந்தன. ஏழு மணிக்குக் கரடி குல்லாயை மாட்டிக்கொண்டு படுத்துவிடும். பிழை திருத்துபவர் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நாலு முறை நடப்பார். அலமாரியில் இருக்கும் டப்பாக்களின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பிழை தேடுவார். அதுவும் முடிந்த பிறகு ஒருநாள், மனைவி தரையில் உட்கார்ந்து வகுப்புக்காகக் காகித மீன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"துடுப்பு தப்பான பக்கம் இருக்கு" என்றார்.

அவள் கத்தரிக்கோலை நீட்டினாள். அன்று பதினெட்டு மீன் வெட்டினார்.

வெட்டும்போது கை வேலையாயிருக்க, வாய் சும்மா இருந்தது. இருமல் மருந்துத் தாளில் 'குலுக்கிப் பருகவும்' என்பது 'குலுங்கிப் பருகவும்' என்று அச்சாகி, ஒரு கிழவர் குதித்துக் குதித்து மருந்து குடித்துக் காலைச் சுளுக்கிக்கொண்ட கதையைச் சொன்னார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நேரம் கிடைக்கலை" என்றார். அது பிழை என்று அவருக்கே தெரிந்தது. திருத்தவில்லை.

இன்னொரு நாள் அவள் பேச்சுவாக்கில், "தலைமை ஆசிரியை வேலைக்கு என்னைக் கேட்டப்போ மாட்டேன்னுட்டேன்ல, அந்த எடத்துக்கு வந்தவங்கதான் இப்படிப் படுத்துறாங்க" என்றாள்.

"உன்னையா? எப்ப கேட்டாங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட சொன்னேனே. என்ன பண்ணட்டும்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னீங்க. கையில ஃபோன் இருந்தது."

அவர் கையிலிருந்த மீனின் வாலை இரண்டு முறை வெட்டிவிட்டார். மறுநாள் ஏழு மணிக்கு அவரே பேச்சை எடுத்தார். "நேத்து சொன்னியே, அந்த வேலை. உனக்குப் பிடிச்சிருந்ததா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் பேசினாள். மறுபடி இடம் காலியானால் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். அவர் "கேளு" என்றார். நல்லவேளையாக அதில் பிழை எதுவும் இல்லை.

இதற்காக அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. பாத்திரம் துடைத்தால் பதினைந்து நிமிஷம், துணி மடித்தால் இன்னொரு பதினைந்து என்று பேரம் பேசினார். கிடைத்த பதினைந்தில் பன்னிரண்டு நிமிஷம் கடவுச்சொல்லைத் தேடுவதில் போயிற்று. ஒருநாள் அவள் கேட்காமலேயே ஜன்னல் கம்பிகளைத் துடைத்துவிட்டு வந்து நின்றார். அவள் கால் மணி நேரத்தோடு நெற்றியில் ஒரு தங்க நட்சத்திரமும் ஒட்டினாள். நட்சத்திரத்தை எடுக்க மறந்து அப்படியே கடைக்குப் போய்விட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை.

முப்பது நாள் போனது. முப்பத்தெட்டும் போனது. புகாருக்குப் பதில் இல்லை. அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பைண்டருக்கு அவருடைய உண்மைப் பெயரே தெரியாது, 'தம்பி சார்' என்றுதான் கூப்பிட்டார். பிழை திருத்துபவருக்குப் பொறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மேஜைத் தொலைபேசியை எடுத்து உதவி மையத்துக்குச் சுழற்றினார். அதே பெண்.

"நாங்க என்ன, மனுஷங்க இல்லையா?" என்று தொடங்கினார். தொடங்கினால் நிறுத்துகிறவர் இல்லை. முப்பது வருஷ அனுபவம், வெளுத்த தலை, அச்சகத்தில் படும் அவமானம் என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது.

"சார், உங்க வயசை மூணாவது நாளே சரிபாத்து முடிச்சிட்டோமே. ஐம்பத்தேழுன்னு ஒத்துக்கிட்டாச்சு."

"அப்புறம் ஏன் கரடி வருது?"

"உங்க அம்மா ஒரு தடவை 'சம்மதம்'னு அமுக்கணும் சார். அவ்வளவுதான் பாக்கி."

"அவங்களுக்குத் தகவலே வரலைங்க. வந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாங்க."

"தினமும் காலையில போகுது சார். தினமும் 'இப்போது வேண்டாம்'னு அமுக்குறாங்க."

பிழை திருத்துபவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். "காரணம் ஏதாவது சொன்னாங்களா?"

"ஒரு வரி எழுதியிருக்காங்க சார்" என்று அந்தப் பெண் நிறுத்தி, எழுத்தெழுத்தாகப் படித்தாள். "'பையன் இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கான்.'"