வாழைக்குள் புதைத்த பரல்

பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரலின் மூடி கழன்று, நுரையோடு பறந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்புச் சட்டிக்குள் விழுந்தது.

"இஞ்சருங்கோ! உங்கட கோழியின்ர சாப்பாடு எங்கட சாப்பாட்டுக்குள்ள விழுந்திட்டுது!" என்று அருந்ததி குசினிக்குள் நின்று கத்தினாள்.

பரமலிங்கம் ஓடிவந்து, பருப்பைப் பார்க்காமல் பரலைப் பார்த்தார். குறுனலும் தவிடும் சோளமும் தண்ணீருக்குள் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தன. வீடு முழுக்கப் புளித்த மணம்.

"புளிச்சிட்டுதப்பா! வீடியோவில சொன்ன மாதிரியே நுரை வந்திருக்கு. இனிக் கோழியள் முட்டையாக் கொட்டும்."

"வீடியோவில மூடியை இறுக்கிப் பூட்டச் சொன்னவங்களோ?"

சொல்லவில்லை. பூனை வாய் வைத்துவிடும் என்று அவர்தான் இறுக்கியிருந்தார்.

வேலிக்கு அப்பால் அனோஜா சிரிக்கும் சத்தம் கேட்டது. பின்வீட்டுக்காரி, அரிசி ஆலையில் வேலை. குறுனலும் தவிடும் அவள் கொண்டுவந்து கொடுத்தவைதான். அவளுடைய பிள்ளைகளுக்கு அருந்ததி வேலியில் ஆள் நுழையும் பொட்டால் முட்டை நீட்டுவது வழக்கம். கோழிகள் முட்டையைக் குறைத்ததும் அந்தக் கை வெறுங்கையாகிப் போனது. பரமலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பரல்.

அனோஜாவின் கணவன் யோகநாதன் நல்ல மேசன். ஆனால் கள்ளச்சாராயமான கசிப்பைக் குடித்தால் எழும்ப மாட்டான், எழும்பினால் கசிப்புக் குடிப்பான். ஊர் மதுவொழிப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் பரமலிங்கம் அவனுக்குப் பலமுறை புத்தி சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் அவன் அழுது, பிள்ளையார் மேல் சத்தியம் செய்வான். பிறகு சத்தியம் செய்த கவலையில் குடிப்பான்.

வருகிற வெள்ளிக்கிழமை கோயிலடியிலிருந்து கசிப்பு ஒழிப்பு ஊர்வலம். முன்னால் பதாகை பிடிக்கப்போவது பரமலிங்கம். வெள்ளை வேட்டி தோய்த்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்டில் இந்தப் பரல் குசினிக்குள்ள, இல்லாட்டி நான்!" என்றாள் அருந்ததி.

பரமலிங்கம் பரலை வளவின் மூலையிலிருந்த வாழைகளுக்குள் கொண்டுபோனார். அங்கே வெயில். சூடு ஏறினால் தீன் பழுதாகிவிடும் என்று கிடங்கு வெட்டி, பரலைக் கழுத்துவரை புதைத்து, மேலே வாழைச் சருகைப் பரப்பினார்.

கசிப்புக் காய்ச்சுகிறவர்கள், வடிக்குமுன் கோடா என்ற ஊறலைப் புளிக்கவைப்பது அச்சொட்டாக அப்படித்தான். முரசுமோட்டை ஊரிலேயே அது தெரியாத ஒரே ஆள், ஒரு சொட்டும் குடித்தறியாத மதுவொழிப்புக் குழுத் தலைவர்தான்.

மறுநாள் விடியப் பார்த்தால் பரலில் தண்ணீர் இறங்கியிருந்தது.

"வெயில் குடிச்சிட்டுது," என்று சொல்லிப் பரமலிங்கம் தண்ணீர் ஊற்றினார். அடுத்த நாளும் இறங்கியிருந்தது. அடுத்த நாளும் ஊற்றினார்.

அன்று காலை யோகநாதன் மேசன் சாமான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். பரமலிங்கத்தைக் கண்டதும் குதித்து இறங்கிக் கைகூப்பினான்.

"அண்ணை, நீங்கள் மனுசனில்லை. தெய்வம்."

"ஏன் தம்பி?"

"கேக்காதேங்கோ. செத்தாலும் நான் வாய் திறக்கமாட்டன்."

தன் புத்திமதி கடைசியில் பலித்துவிட்டது என்று பரமலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

பின்னேரம் முன்பின் தெரியாத ஒருவர் வெறும் போத்தலோடு படலையில் நின்றார்.

"ஐயா, எப்ப வடிப்பியள்?"

"எதை?"

"வாழைக்குள்ள இருக்கிறதை."

"அது கோழிக்கு!"

அவர் ஒரு கண்ணைச் சிமிட்டினார். "விளங்குது, விளங்குது. எனக்கும் ரெண்டு கோழி இருக்கு. பாத்துச் செய்யுங்கோ."

பரமலிங்கத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மணம்தான் என்று முடிவு செய்தார். சட்டியில் தணல் போட்டு, கைநிறையச் சாம்பிராணி தூவி, பரலைச் சுற்றிவந்து தேவாரம் பாடினார். வாழைகளுக்கு மேலால் வெள்ளைப் புகை எழும்பி ஒழுங்கை வழியாக ஊர் முழுக்கப் பரவியது.

"வடிக்கத் தொடங்கிட்டார்!" என்றது ஊர். "பக்தியான ஆள். தேவாரம் பாடித்தான் வடிக்கிறார்."

சற்று நேரத்தில் குழுச் செயலாளரின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நாளைக்குப் பதாகையை வேற ஆளிட்டைக் குடுப்பம்."

"நான் ஊர்வலத்தில வரக்கூடாதோ?"

"நீங்கள் வரத் தேவையில்லை. ஊர்வலம் உங்கட வீட்டைதான் வருது."

பரமலிங்கம் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த நல்ல பெயர் ஒரு பரலுக்குள் புளித்துப் போய்விட்டது.

"பிள்ளையாருக்கு உண்மை தெரியும்," என்றாள் அருந்ததி.

"அவர் வந்து சாட்சி சொல்லமாட்டாரேயப்பா."

வெள்ளிக்கிழமை காலை, ஊர்வலம் புறப்படமுன் கிராம அலுவலர் பிரியந்தினி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சின்ன வயது, நிதானமான பிள்ளை.

"ஆக்கள் சொல்லுறதை நான் நம்பேல்லை ஐயா. ஒருக்கால் கண்ணாலை பாத்திட்டுப் போறன்."

பரமலிங்கம் சருகை விலக்கி மூடியைத் திறந்தார். அவ்வளவுதான். வளவிலிருந்த கோழிகள் எல்லாம் கொக்கரித்துக்கொண்டு ஓடிவந்தன. சேவல் பரல் விளிம்பில் ஏறி, வழுக்கி உள்ளே விழுந்து, விழுந்த இடத்திலேயே தின்னத் தொடங்கியது.

பிரியந்தினி குனிந்து, ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கோழித் தீன்தான் ஐயா! இப்பவே போய்க் கோயில் ஒலிபெருக்கியில ஊருக்குச் சொல்லுறன். பதாகையை நீங்கள்தான் பிடிக்கிறியள்."

"சொல்லுங்கோ பிள்ளை, நல்லாச் சத்தமாச் சொல்லுங்கோ!" என்றார் பரமலிங்கம். கொடியிலிருந்து வெள்ளை வேட்டியை இழுத்தெடுத்தார்.

பிரியந்தினி ஸ்கூட்டியை முடுக்கினாள். அந்த நேரம் அனோஜா வேலிப்பொட்டுக்குள்ளால் புகுந்து, மூச்சிரைக்க ஓடிவந்து ஸ்கூட்டியை மறித்தாள்.

"ஐயோ, ஒலிபெருக்கியில மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!"

"ஏன் தங்கச்சி?" பரமலிங்கத்துக்கு அழுகை வந்தது. "என்ர மானம் போகுதே!"

அனோஜா ஒழுங்கைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது கசிப்பெண்டு எங்கட மனுசனுக்குச் சொல்லி, பொட்டால களவாப் போய்க் குடிக்க விட்டது நான்தான் அண்ணை, கோழித் தண்ணியில வெறிச்சு, பாடிப்போட்டுப் படுத்து, விடிய எழும்பி வேலைக்குப் போறார், ஆனா நேற்று வெறி காணாதாம், இண்டைக்குக் கொஞ்சம் குறுனல் கூடப் போட்டுவிடுங்கோ."